இருவர் ஆடும் ஆட்டமும் மூன்றாவதான குழந்தையும்

வீடியோ விளையாட்டு ஒன்றை இலக்கிய ஏட்டில் வைத்துத் திறனாய்வது முறையா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். 'லஹ்வு' எனப்படும் வீண் பொழுதுபோக்கு அது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆயினும், பாட்டிமார் அமர்ந்து கிஸ்ஸா சொன்ன இடத்தில் இன்று திரை அமர்ந்திருக்கின்றது. அத்திரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை எத்தகையது என்று பாராமலே ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. நெல்லையும் பதரையும் பிரித்துக் காட்டுவது திறனாய்வின் கடன். பொருள் புதிதாயிருப்பதால் அக்கடன் நீங்கிவிடாது.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது 'இட் டேக்ஸ் டூ' என்னும் ஆட்டம். 'இதற்கு இருவர் வேண்டும்' என்பது பெயரின் பொருள். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள ஹேசலைட் ஸ்டுடியோஸ் இதனை உருவாக்கியது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்னும் பரிசு இதற்கே கிட்டியது. இதன் இயக்குநர் ஜோசப் ஃபாரஸ் 1977-இல் பெய்ரூத்தில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போர்க்காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு சுவீடனுக்குக் குடிபெயர்ந்தவர். முதலில் திரைப்படங்களை இயக்கியவர். அப்போரிலிருந்து தப்பிச் சுவீடன் சேரும் ஒரு லெபனான் சிறுவனின் கதையையே 2005-இல் 'சோசோ' என்னும் படமாக எடுத்தார். துன்பத்தைக் குழந்தையின் கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் அவர். ஆகவே, அவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் மிகுதி.

கதை இது: மணவிலக்குச் செய்துகொள்ள முடிவெடுத்த கணவனும் மனைவியும் தம் மகள் ரோஸிடம் அச்செய்தியைக் கூறுகின்றனர். அவள் தனியே சென்று, தன் கையால் செய்த இரு பொம்மைகளின் மீது கண்ணீர் விடுகின்றாள். பெற்றோர் இருவரும் அப்பொம்மைகளுக்குள் புகுந்துவிடுகின்றனர்; கணவன் களிமண் பொம்மை, மனைவி மரப்பொம்மை. பேசும் நூல் ஒன்று அவர்கள் முன் தோன்றி, 'டாக்டர் ஹகீம்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பிரிந்த உறவை ஒட்டவைக்கும் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவுகின்றது. தம் வீட்டின் கொட்டகை, மரம், மகளின் அறை, தோட்டம், பரண் ஆகியவையே அவர்கள் கடக்கவேண்டிய பெருநிலங்களாகின்றன.

இவ்வாட்டத்தின் சிறப்பு அதன் அமைப்பிலே உள்ளது. இதனைத் தனியொருவர் ஆட இயலாது. இருவர், இரு கன்ட்ரோலர்கள். வேறு வழி இல்லை. இருவருக்கும் ஒரே ஆற்றல் தரப்படுவதுமில்லை. கொட்டகையில் கணவனிடம் ஆணி; மனைவியிடம் சுத்தியல். அவன் ஆணியைச் சுவரில் எய்தால்தான் அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊசலாடிக் கடக்க முடியும். மரத்தில் அவனிடம் எரியும் தன்மையுடைய பிசின், அவளிடம் தீக்குச்சி. பிசின் மட்டும் இருந்தால் எரியாது. குச்சி மட்டும் இருந்தால் வெடிக்காது. கடிகாரத்தில் அவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்புவான். அவள் தன் பிரதியை ஓரிடத்தில் நிறுத்திவைப்பாள். பனிக்காட்சியில் இருவரிடமும் காந்தத்தின் ஆளுக்கொரு முனை. 'நீ இன்றி என் கைப்பொருள் பயனற்றது' என்னும் உண்மையை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு தெளிவாக விரல்களுக்கு உணர்த்திவிடாது.

மற்றொரு நயமும் குறிப்பிடத்தக்கது. திரை பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்தே நிற்கின்றது. இருவரும் இரு வேறு ஊர்களில் இருந்துகொண்டு இணையத்தின் வழி ஆடினாலும் அவ்வாறே. தன் பாதியைப் பார்ப்பவர் மற்றவர் பாதியையும் பார்த்தே ஆகவேண்டும். அவர் எங்கே தடுமாறுகின்றார், எதற்காகக் காத்திருக்கின்றார் என்பது எப்பொழுதும் கண்முன் இருக்கின்றது. ஒருவர் வீழ்ந்தால், மற்றவர் நிலைத்து நிற்கும் வரை ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. அன்றியும், ஒருவர் விலை கொடுத்து வாங்கினால் அவர் அழைக்கும் தோழர் விலையின்றியே உடன் ஆடலாம் என்று செய்திருப்பது வணிக உலகில் அரிதாகக் காணும் தாராளம். இவற்றை மனமுவந்து பாராட்டுகின்றோம்.

இனிக் குறைகளைக் காண்போம். கைகள் கற்பிக்கும் பாடத்தை வாய் கற்பிக்கவில்லை என்பது முதற்குறை. ஆடுபவர் இருவரும் ஒற்றுமையாய் உழைத்துக்கொண்டிருக்க, கதைமாந்தர் இருவரும் ஓயாது குத்திப் பேசிக்கொண்டே இருக்கின்றனர். அவர்கள் மனம் மாறுவதோ, ஆட்டத்தை நிறுத்திக் காட்டும் இடைக்காட்சிகளில் திடீரென நிகழ்ந்துவிடுகின்றது. மனைவி பாடலைக் கைவிட்டாள், கணவன் தோட்டத்தைக் கைவிட்டான் என்று நோயின் பெயர் சொல்லப்படுகின்றது. அவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு புண்படுத்தினர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

ஹகீம் என்னும் பெயரையும் ஆராயவேண்டும். அரபியில் அது ஞானமுடையவரைக் குறிக்கும். யூனானி வைத்தியரையும் நம் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் 'ஹகம்', அதாவது நடுவர். தம்பதியரிடையே பிளவு ஏற்படுமென அஞ்சினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் ஹகமாக ஏற்படுத்தும் நெறியை அந்நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தில் நாம் அறிவோம். இரு தரப்பும் கேட்கப்படவேண்டும். இணங்கும் எண்ணம் உள்ளத்தில் இருக்கவேண்டும். ஆட்டத்தில் வரும் ஹகீமோ எவர் சொல்லையும் பொறுமையாய்க் கேட்பதில்லை. இடுப்பை ஆட்டிக் கூத்தடித்துவிட்டு அடுத்த பணியை ஏவிவிட்டு மறைகின்றார். வற்புறுத்தி ஏற்படுத்தும் ஸுலஹு எத்தனை நாள் நிலைக்கும்? பிரிவே நலம் என்னும் நிலையும் சில இல்லங்களில் உண்டு என்பதை ஷரீஅத்தே ஒப்புக்கொள்கின்றது. இந்நூல் அதனை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாத ஒன்று மகளின் அறையில் நிகழ்கின்றது. மகளின் கண்ணீர் தம்மீது பட்டால் பழைய உருவம் பெறலாம் என்று பெற்றோர் கருதுகின்றனர். அவளை அழவைப்பதற்காக, அவள் மிக நேசிக்கும் யானைப் பொம்மையை அழிக்கத் துணிகின்றனர். அப்பொம்மை அன்போடு வரவேற்கின்றது. பிறகு உயிருக்கு அஞ்சிக் கெஞ்சுகின்றது. அதன் காதும் காலும் பிய்ந்துபோக அதனை இழுத்துச் சென்று தள்ளும் செயலை ஆடுபவர் இருவரும் தம் கைகளாலேயே செய்தாகவேண்டும். மகள் அழுகின்றாள், பெற்றோர் அக்கண்ணீரில் நனைந்து மகிழ்கின்றனர். அச்செயல் பலன் தரவில்லை என்பது உண்மை. எனினும் அதற்கு ஈடான வருத்தம் பின்வரும் பகுதிகளில் இல்லை. இதனை நகைச்சுவை என்று ஆசிரியர் கருதினார் போலும். இருவர் ஒத்துழைப்பதே நன்மை என்றால், இந்தக் கொடுமையும் ஒத்துழைப்புத்தானே? நன்மைக்கும் இறையச்சத்திற்கும் துணைநிற்பது வேறு. பாவத்திற்குத் துணைநிற்பது வேறு என்னும் எல்லைக்கோடு இங்கே அழிந்துவிடுகின்றது.

இப்னுல் முகஃப்பஃ எட்டாம் நூற்றாண்டில் பஹ்லவி மொழியிலிருந்து அரபியாக்கிய 'கலீலா வ திம்னா'வில் கழுத்தில் வளையமிட்ட புறா ஒன்றின் கதை உண்டு. வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றாய்ச் சிறகடித்து வலையோடு பறந்து, நண்பனான எலியிடம் சேர்கின்றன. எலி முதலில் தலைவியின் கட்டைக் கடிக்க முற்படுகின்றது. தலைவியோ, ஏனைய புறாக்களின் கட்டுகளை முன்னர் அறுக்குமாறு வேண்டுகின்றது. கூடிப் பறந்தது கதையின் பாதியே. எவரை முதலில் விடுவிப்பது என்பதே அதன் உயிர். 'இட் டேக்ஸ் டூ' முதற்பாதியை அழகுறச் செய்துவிட்டு இரண்டாம் பாதியில் இடறுகின்றது. இங்கே கட்டுண்டிருப்பவர்களுள் மிக எளியவள் மகள் ரோஸ். கட்டு அறுபடுவதில் கடைசியாக நிற்பவளும் அவளே.

நீதியோடு ஒன்று சொல்லவேண்டும். தன்னால்தான் பெற்றோர் பிரிகின்றனர் என்று நம்பிய மகள், கடிதம் எழுதிவைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறிப் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்திருக்கின்றாள். உருவம் மீண்ட பெற்றோர் அவளைத் தேடிச் சென்று, 'இதில் உன் குற்றம் ஏதுமில்லை' என்று உணர்த்துகின்றனர். சண்டையிடும் ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் தம் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய சொல் அது. முடிவில் வந்த அந்த ஞானம் நடுவிலேயே வந்திருந்தால், யானைக் காட்சி இவ்வாறு அமைந்திராது.

ஐரோப்பியத் தரப்படுத்தல் இதனை 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியதாக வைத்துள்ளது. தம்பதியரின் முத்தக் காட்சியும் சில கடுஞ்சொற்களும் உண்டு. சிறு பிள்ளைகளிடம் இதனைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வது தகாது. வளர்ந்த பிள்ளையோடு தந்தையோ தாயோ உடன் அமர்ந்து ஆடுவதற்கு இது ஏற்றதே. தனியே ஆட முடியாத ஆட்டம் என்பதால் அதற்கு வழியும் அதிலேயே இருக்கின்றது. யானைக் காட்சி முடிந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, 'நாம் இப்போது செய்தது சரியா?' என்று பிள்ளையிடம் கேட்பது நலம். ஆட்டம் கேட்கத் தவறிய கேள்வி அது. அதற்குப் பிள்ளை தரும் விடையைக் கேட்க நாமும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.