நடுவழி என்னும் மருந்து: மைமோனிடீஸின் அறநூல் பற்றிய ஒரு நோக்கு

சமநிலை வாழ்வு என்னும் தொடர் இக்காலத்தில் மிகுதியாக வழங்குகின்றது. உண்பதில் அளவு, உழைப்பதில் அளவு, உறங்குவதில் அளவு என அளவறிந்து ஒழுகுதலே நல்வாழ்வென உரைப்போர் பலர். அவ்வுரையிற் பிழை யாதுமில்லை. ஆயின், அந்த அளவினை யார் வரையறுப்பது? ஒருவனுக்கு அளவாயிருப்பது மற்றொருவனுக்கு மிகையாகாதா? நடுவில் நிற்றல் என்பது நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிற்பதாக முடிந்துவிடாதா? இவ்வினாக்களைத் தொடாத அறநூல் வெறும் உபதேசமாகவே நின்றுவிடும். யூத அறிஞருள் தலைசிறந்தவராகிய மைமோனிடீஸ் இவற்றை நேர்நின்று எதிர்கொண்டவர். அவர் கண்ட விடையின் வலிமையையும் குறையையும் ஒருங்கே நோக்குதல் பயனுடைத்து.

மோசே பென் மைமோன் என்னும் பெயருடைய இவர், 1138ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரிற் பிறந்தார். அங்கு ஆட்சியைக் கைப்பற்றிய அல்மொஹாத் மரபினரின் சமயக் கொடுமை காரணமாக அவர்தம் குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, ஈற்றில் எகிப்தில், கெய்ரோவை அடுத்த புஸ்தாத்திற் குடியேறியது. 1204இல் மறையும்வரை அவர் அங்கு மருத்துவராகவும் யூதரின் தலைவராகவும் விளங்கினார். மாத்தளை அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, பௌத்தரின் வாய்மொழி மறை ஏட்டிலேறிய வரலாற்றை அறிந்தோர்க்கு, கி.பி. 200 அளவில் யூதரின் வாய்மொழிச் சட்டம் 'மிஷ்னா' எனத் தொகுக்கப்பட்டமை எளிதில் விளங்கும். அம்மிஷ்னாவுக்கு மைமோனிடீஸ் அரபு மொழியில் வகுத்த உரை 1168இல் நிறைவெய்தியது. அதனுள், 'பிதாக்களின் முதுமொழிகள்' என்னும் பகுதிக்கு முன்னுரையாக அமைந்ததே 'எட்டு அத்தியாயங்கள்' என்னும் சிறுநூல். தாம் கூறுவன தம் முன்னோரிடமிருந்தும் பிறநாட்டுத் தத்துவ ஞானியரிடமிருந்தும் பெற்றவை என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றார். உண்மையை யார் உரைப்பினும் ஏற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தைக் கற்றார்க்கு இது புதிதன்று.

நூலின் மையக் கருத்து யாதெனின், நற்குணம் என்பது இரு தீக்குணங்களுக்கு இடைப்பட்டதொரு நிலை என்பதாம். கஞ்சத்தனத்திற்கும் ஊதாரித்தனத்திற்கும் நடுவே வண்மை. கோழைமைக்கும் மூர்க்கத்திற்கும் நடுவே வீரம். செருக்கிற்கும் தன்னிழிவிற்கும் நடுவே பணிவு. இவ்வளவில் இது கிரேக்க ஞானி அரிஸ்டோட்டிலின் கொள்கையே. மைமோனிடீஸின் தனிச்சிறப்பு இதற்கு அப்பாலே தொடங்குகின்றது. அவர் மருத்துவர், ஆதலால், நற்குணம் எதுவென வரையறுப்பதோடு அமையாது, நோயுற்ற உள்ளத்தை அங்கே மீட்டுச் செல்லும் வகையையும் ஆராய்கின்றார். கஞ்சனை நோக்கி 'அளவாகக் கொடு' என்றால் அவன் திருந்தான். ஊதாரியைப் போலப் பலமுறை வாரி வழங்குமாறு அவனைப் பழக்குதல் வேண்டும். இறுகிய கை அவ்வாறு நெகிழ்ந்த பின்னரே வண்மைக்கு அவன் திரும்பலாம். ஊதாரிக்கோ கைச்சுருக்கமே மருந்து. ஆயினும் அவனுக்கு அத்துணை நீண்ட பயிற்சி வேண்டா. ஊதாரித்தனத்திலிருந்து வண்மைக்கு வருதல், கஞ்சத்தனத்திலிருந்து வருதலினும் எளிதாம் என்பது அவர் கணிப்பு.

இந்நுட்பத்தை இந்நாட்டு உவமையொன்றால் விளக்கலாம். நாவுலப் பகுதியிலே, பல்லவர் சிற்பமுறையைத் தழுவிக் கல்லினால் எழுப்பப்பட்ட நாலந்தா கெடிகே என்னும் தொன்மையான பௌத்தத் தலம் உள்ளது. இலங்கைத் தீவின் நடுவிடம் என அது பெயர் பெற்றது. நடு ஒன்றே, ஆயின், யாழ்ப்பாணத்திலிருந்து அதனை நாடுவோன் தெற்கு நோக்கியும், காலியிலிருந்து நாடுவோன் வடக்கு நோக்கியும் செல்லல் வேண்டும். இருவர்க்கும் ஒரே திசையைக் காட்டுபவன் அவருள் ஒருவரை வழிதவறச் செய்பவனாவான். பள்ளிக்கூடங்களில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே அன்றோ? 'அடங்கி நட' என்னும் ஒரே அறிவுரை வகுப்பு முழுவதற்கும் வழங்கப்படுகின்றது. துடுக்கான மாணவன் அதனைச் செவியிற் கொள்வதில்லை. இயல்பாகவே கூச்சமுடையவனோ அதனை வேதவாக்காகக் கொண்டு மேலும் ஒடுங்குகின்றான். மருந்து நோயில்லாதவனைச் சென்று பற்றுகின்றது.

இத்தகைய தவற்றுக்கு மைமோனிடீஸே நல்லதோர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். கொடிய நோயாளனுக்கு மருத்துவன் உணவை நிறுத்திப் பேய்க்குமட்டி, கரியபோளம் முதலிய கடும் பேதி மருந்துகளைக் கொடுக்க, அவன் பிழைத்தெழுகின்றான். அதனைக் கண்ட பேதை, நலமுள்ள தானும் நாள்தோறும் அவற்றையே உண்டு நோயாளியாகின்றான். முற்காலச் சான்றோர் சிலர் ஊணுறக்கம் துறந்து தனித்து வாழ்ந்தது ஒரு சிகிச்சையாகவே. அதனை எல்லோர்க்கும் உரிய நெறியாகக் கொள்வோர் அப்பேதையை ஒப்பர். மதுவை விலக்கும் நசரேய விரதத்தார்கூட, விரத முடிவிற் பாவநிவாரண பலி செலுத்த வேண்டுமென வேதம் விதித்தமையை அவர் இதற்குச் சான்றாக்குகின்றார். இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. புத்தர் பெருமானின் மத்திய மார்க்கமும் இரு அந்தங்களை விலக்குவதே. ஆயினும், அது பற்றறுத்துத் துக்க நீக்கத்தை எய்துதற்குரிய வழி. மைமோனிடீஸின் நடுவழியோ மனைவி மக்களோடும் வாணிகத்தோடும் வழக்கோடும் வாழ்வோன் இறைவனை அறிதற்குரிய வழி. பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது. வள்ளுவரின் நடுவு நிலைமையும் இதனின் வேறே, அது நீதியின்பாற்பட்டது.

இனி, இக்கொள்கையின் குறையை நோக்குவோம். பின்னர் எபிரேய மொழியில் இயற்றிய 'மிஷ்னே தோரா' என்னும் பெருஞ்சட்ட நூலில், சினத்திலும் நடுநிலை வேண்டுமென மைமோனிடீஸ் முதலிற் கூறுகின்றார்: உணர்ச்சியற்ற பிணம்போல் இராது, பெரியதொரு தீமை கண்டவிடத்துச் சினத்தல் தகும் என்பது அவர் விதி. ஆயின், அடுத்த அதிகாரத்திலேயே, செருக்கிலும் சினத்திலும் நடுவழி ஆகாது, மறு எல்லைக்கே செல்லுக என்கின்றார். மக்களையோ சமூகத்தையோ திருத்தச் சினம் வேண்டின், முகத்திற் சினத்தைக் காட்டி, உள்ளத்தில் அமைதியாயிருத்தல் வேண்டுமாம். இம்முரணைத் தீர்க்க உரையாசிரியர் பலர் முயன்றுள்ளனர். முன்னது அறிவுடையோர்க்கு, பின்னது பக்தர்க்கு என்பது ஒரு சமாதானம். வள்ளுவரும் அடக்கமுடைமையை இல்லறவியலிலும் வெகுளாமையைத் துறவறவியலிலும் வைத்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. எனினும், அச்சமாதானம் முழுமையுடைத்தன்று; பிந்திய விதி பக்தர்க்கு மட்டுமென நூலில் ஒதுக்கப்படவில்லை. தருக்க நூலார்க்கு இது வழுவே. மருத்துவன் கண்கொண்டு நோக்கினாலோ, சில நோய்கள் சிறிது எஞ்சினும் மீண்டும் பெருகும் என்னும் அனுபவ உண்மை அதனுட் காணப்படும். கொள்கையின் அழகுக்காக அனுபவத்தை மறைக்காமை இந்நூலாசிரியரின் நேர்மைக்குச் சான்று.

கொள்கைக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள முரண் இதனினும் ஆழமானது. இறந்தார்க்காக அழுவதற்கும் துக்கங்காப்பதற்கும் நாள் வரையறை உண்டு, அதனை மீறுவோன் பேதை எனச் சட்டம் வகுத்தவர் இவரே. ஆயின், குடும்பத்தைத் தாங்கிநின்ற வணிகனாகிய இவர் தம்பி தாவீது இந்து சமுத்திரத்திற் கப்பலோடு மூழ்கியபோது, ஏறத்தாழ ஓராண்டு இவர் நோய்ப்படுக்கையிற் கிடந்தார். எட்டாண்டுகள் கழிந்தும் ஆறுதல் பெறவில்லை என நண்பரொருவர்க்கு எழுதினார். 1199இல் சாமுவேல் இப்னு திபோன் என்பார்க்கு வரைந்த கடிதமோ இவரது அன்றாட வாழ்வைக் காட்டுகின்றது. காலையில் கெய்ரோ அரண்மனை. பிற்பகலிற் பசியோடு வீடு திரும்பினால் முற்றம் நிறைந்த நோயாளர். ஒருநாளில் ஒரே உணவு. இரவில் களைப்பு மிகுந்து படுத்தபடியே மருந்து சொல்லுதல். சமநிலையைப் போதித்தவர் நாளில் ஒரு நாழிகையேனும் சமநிலை காணவில்லை. இதுகொண்டு அவர் நூலைப் போலியெனத் தள்ளலாமா?

அதே கடிதம் விடையும் பகர்கின்றது. ஓய்வுநாளாகிய சபத்தில் மட்டும் சபையோர் அவரிடம் கூடுவர். அன்று நண்பகல்வரை கற்பர். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவுவரை தொழில் நிறுத்துமாறு பணிக்கும் அவ்விதி, வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்றி, வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் ஏரிழுக்கும் எருதுக்கும் உரியது. தனிமனிதன் தன் மனவலிமையால் எய்த இயலாத சமநிலையை, சமுதாயம் காலத்தின்மேல் ஒரு சட்டமாக விதித்து அவனுக்கு அளிக்கின்றது. 1808இல் மெனாகெம் மெண்டல் லெஃபின் வெளியிட்ட 'ஆன்மக் கணக்கு' என்னும் நூலும் வாரத்தையே அலகாகக் கொண்டது. பதின்மூன்று குணங்களை வாரத்திற்கு ஒன்றாகப் பயின்றால், ஓராண்டில் நான்கு சுற்று நிறைவுறும். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினின் முறையைத் தழுவியது அது. பிறரிடமிருந்து கொள்ளக் கூசாத மைமோனிடீஸின் மனப்பான்மை அங்கும் விளங்குகின்றது.

ஆகவே, யூத அறநூல்கள் தரும் சமநிலையைச் சோம்பலான மிதவாதமெனக் கொள்ளுதல் தவறு. அது நோயறிந்து கொடுக்கும் மருந்து. ஆளுக்கு ஆள் வேறுபடுவது. தனியொருவனால் முற்ற முடியாதது. 'எட்டு அத்தியாயங்கள்' முதலிரண்டையும் தெளிவுறக் கூறி, மூன்றாவதைக் கூறாது விட்டது. அதனை ஆசிரியரின் வாழ்வு கூறியது. மாணவர்க்கு அளவறிந்து வாழுமாறு போதிப்போர், அவரவர் சாய்வை முன்னர் அறிதல் வேண்டும்; ஓய்வும் கல்வியும் எல்லார்க்கும் கிடைக்கும் ஒழுங்கையும் அமைத்துத் தருதல் வேண்டும். அவ்விரண்டுமின்றி உரைக்கப்படும் அறிவுரை, நாடி பார்க்காது கொடுத்த மருந்தேயாம்.