ஊழியர் கையில் ஒரு கல்: ‘ராம்போ’ நான்காம் படம் குறித்து ஒரு திறனாய்வு

திரைப்படங்களை இறையியல் நோக்கில் ஆராய முற்படுவோர் பெரும்பாலும் பெர்க்மன், பிரெஸ்ஸோன் போன்ற பெருங்கலைஞரின் படைப்புகளையே நாடுவர். ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் படமோ அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதன்று. சில்வெஸ்டர் ஸ்டாலோன் தாமே இயக்கி நடித்து 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராம்போ’, அப்பெயர் கொண்ட வீரனைப் பற்றிய நான்காம் படம். 1982இல் வெளிவந்த முதற்படம், வியட்நாம் போரினின்று திரும்பிய ஒரு வீரனைத் தன் நாடே ஏற்க மறுத்த துயரத்தை உண்மையோடு காட்டிற்று. 1985லும் 1988லும் வந்த தொடர்ச்சிகள் அத்துயரத்தை மறந்து, அவனை வெல்லற்கரிய போர் இயந்திரமாக்கின. இருபது ஆண்டுகள் கழித்து வந்த நான்காம் படம் அவற்றினும் கொடியது. உடல்கள் துண்டாகிச் சிதறும் காட்சிகளுக்கு அதில் அளவேயில்லை. உரையாடல் வறண்டது. தீமை முழுவதையும் ஒரே இராணுவ அதிகாரியின் உருவில் குவித்து, அவனை வீழ்த்தினால் தீமையும் வீழ்ந்தது என்ற மலிவான நிறைவைத் தேடுகிறது. நம் மாணவர்க்கு இதனைப் பரிந்துரைக்க நான் தயங்குகிறேன். ஆயினும் நம்முடைய ஊழியத்தைப் பற்றிய கடினமான கேள்வியொன்றை, சிறந்த படங்கள் பல கேட்கத் தவறிய கேள்வியை, இப்படம் தன்னையும் அறியாமல் கேட்டுவிடுகிறது.

கதை சுருக்கமானது. தாய்லாந்தில் பாம்பு பிடித்தும் படகு ஓட்டியும் வாழும் ராம்போவிடம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சபையொன்றைச் சேர்ந்த ஊழியர் சிலர் வருகின்றனர். பர்மாவில் இராணுவத்தால் ஒடுக்கப்படும் கரேன் மக்களுக்கு மருந்தும் மறைநூல்களும் கொண்டு செல்ல, சால்வின் ஆற்றில் தங்களைப் படகேற்றிச் செல்லுமாறு வேண்டுகின்றனர். ஆயுதம் கொண்டு செல்கிறீர்களா என அவன் வினவுகிறான், இல்லை என்கின்றனர், அப்படியாயின் அங்கே எதுவும் மாறப்போவதில்லை என்று மறுத்துவிடுகிறான். குழுவிலுள்ள சாரா என்னும் பெண்மணியின் வேண்டுதலால் பின்னர் இசைகிறான். வழியில் ஆற்றுக் கொள்ளையர் படகை மறித்துச் சாராவைக் கேட்கின்றனர். ராம்போ அவர்களைச் சுட்டு வீழ்த்துகிறான். குழுத் தலைவரான மைக்கேல், உயிரைப் பறிப்பது ஒருபோதும் சரியன்று எனக் கொதிக்கிறார்; நடந்ததை மேலிடத்துக்குத் தெரிவிக்கவேண்டியிருக்கும் என்கிறார். சற்றுமுன் அச்செயலால் உயிர்தப்பிய வாய்தான் இதனைச் சொல்கிறது என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் ஸ்டாலோனின் நோக்கம் வெளிப்படை. மைக்கேலை ஏட்டறிவு மட்டுமே உடைய அப்பாவியாக்கி, பார்வையாளரை அவருக்கெதிராகத் திருப்பப் பார்க்கிறார். ஆனால் மைக்கேல் சொல்வதோ மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர் சொல்லவேண்டிய சொல். தம் உயிருக்கும் தம்முடன் வந்த பெண்ணின் மானத்துக்கும் விலையாக வந்த கொலையைக்கூட அவர் நியாயப்படுத்த மறுக்கிறார். நன்றிகெட்ட பேச்சுப்போல ஒலித்தாலும், அது எளிதில் சொல்லத்தக்கதன்று. சிரிப்புக்காக வைக்கப்பட்ட பாத்திரம் இயக்குநரின் பிடிக்குள் அடங்கவில்லை.

ஊழியர் சென்ற ஊர் தாக்கப்பட்டு, அவர்கள் சிறைப்படுகின்றனர். அப்போது அவர்களை அனுப்பிய சபையின் போதகர் ஆர்தர் மார்ஷ் ராம்போவைத் தேடி வருகிறார். தூதரகம் கைவிரித்துவிட்டது, கூலிப்படையினரை அமர்த்தியிருக்கிறேன், அவர்களை நீ ஆற்றில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும் என்கிறார். படம் இதனைக் கதையை நகர்த்தும் ஓர் இணைப்பாக மட்டுமே கருதிச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. எனக்கோ முழுப்படத்திலும் மிகவும் அச்சுறுத்தும் காட்சி இதுவே. குண்டும் குருதியும் இதில் இல்லை. கண்ணியமான ஒரு வயோதிகர் மென்குரலில் பேசுகிறார். ஆயுதம் ஏந்தலாகாது என்று கற்பித்து ஊழியரை அனுப்பிய சபை, அவ்வூழியரை மீட்க ஆயுதத்தை விலைக்கு வாங்குகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான்மேல் கல்லெறிந்தவர்கள் தங்கள் வஸ்திரங்களைச் சவுலின் பாதத்தருகே வைத்தனர் என வாசிக்கிறோம். சவுல் கல்லெறியவில்லை; அவன் கை கறைபடவில்லை. ஆனால் லூக்கா அவனை அக்காட்சியினின்று விலக்கி எழுதவில்லை. போதகர் மார்ஷின் நோக்கம் சவுலின் நோக்கத்துக்கு நேர்மாறானது என்பது உண்மை. அவர் உயிரைக் காக்க விரும்புகிறார். எனினும் நிற்கும் இடம் ஒன்றே. அவர் படகில் ஏறுவதில்லை.

அவரைக் கண்டிக்க நான் விரையவில்லை. தம் மந்தையின் ஆடுகள் சித்திரவதைக் கூடத்தில் கிடக்க, எந்த ஆயர் என்ன செய்வார்? அவர் கேட்டது தவறென்று சொல்வதன்று என் கருத்து. கேட்டபின் அவருடைய போதனை என்னவாயிற்று என்பதே வினா. அதற்கு மைக்கேலே விடை தருகிறார்.

இறுதிப் போரின் நடுவே, மைக்கேல் ஒரு கல்லை எடுத்து ஓர் இராணுவச் சிப்பாயை அடித்துக் கொல்கிறார். அமைதிவாதியும் இறுதியில் கொலைகாரனே என நிறுவி, திரையரங்கில் கைத்தட்டல் வாங்க வைக்கப்பட்ட காட்சி இது. ஆயினும் அங்கே வெற்றி முழக்கம் இல்லை. செய்துவிட்ட செயலின்முன் திகைத்த ஒரு முகம் மட்டுமே இருக்கிறது. படகில் அத்தனை தெளிவாகப் பேசிய மனிதர், கற்றுக்கொண்டேன் என்றோ, நான் செய்தது சரி என்றோ சொல்வதாக ஒரு வசனமும் எழுதப்படவில்லை. வசனம் எழுதத் தெரியாமையால் விளைந்த மௌனமோ, அறிந்தே விடப்பட்ட மௌனமோ, யாதாயினும் அதுவே அக்காட்சியின் உண்மை.

1930களில் அமைதிவாதத்தைக் கைவிட்ட ரைன்ஹோல்ட் நீபரின் எழுத்துகளை நாம் வகுப்புகளில் பயில்கிறோம். ஹிட்லருக்கெதிரான சதியில் பங்குகொண்டு 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபரையும் பயில்கிறோம். இருவரையும் ஒரே பையில் போட்டு, தேவைப்படின் வன்முறை சரியே எனத் தேர்வுத்தாளில் எழுதிவிடும் மாணவர் உளர். போன்ஹோஃபர் அப்படிச் சொல்லவில்லை. பிறர்பொருட்டுக் குற்றத்தை ஏற்கும் பொறுப்பைப் பற்றி எழுதியபோதும், குற்றத்தைக் குற்றமென்றே அழைத்தார். அதனைத் தாமே நற்செயலாக மாற்றிக்கொள்ளவில்லை. இந்நுட்பமான வேறுபாட்டை, ஆங்கிலத்தில் ஐம்பது பக்கம் வாசித்தும் உணராதவர், கல்லும் கையுமாக நிற்கும் மைக்கேலின் முகத்தில் உணரக்கூடும்.

மற்றொன்றும் உண்டு. ஊழியரை மீட்கப் புறப்படுமுன், இரவில் இரும்பைக் காய்ச்சிக் கத்தி அடிக்கும் ராம்போ தன் நெஞ்சோடு பேசுகிறான். தான் கொன்றது நாட்டுக்காக அன்று, தனக்காகவே என்றும், அதனைத் தன்னிடமிருந்து கடவுளும் அகற்றப்போவதில்லை என்றும் அவனுக்குத் தோன்றுகிறது. இஃது ஒரு பாவ அறிக்கை. கேட்பதற்கு யாருமில்லாத பாவ அறிக்கை. இத்தனை ஊழியர் நிறைந்த படத்தில், அவனுடைய படகையும் அவனுடைய துப்பாக்கியையும் எல்லாரும் கேட்கின்றனர். மன்னிப்பைப் பற்றி அவனிடம் ஒருவரும் பேசுவதில்லை. சாரா ஒருத்தியே அவனை மனிதனாகக் கண்டு பேசுகிறாள். அவளும் தன் பயணத்துக்கு அவனை இசையச் செய்யவே அப்பேச்சைத் தொடங்குகிறாள்.

படத்தின் பெருங்குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. கரேன் மக்கள் இதில் ஓடுவோராகவும் சாவோராகவும் பெரிதும் தோன்றுகின்றனர். இறுதியில் அவர்களுடைய போராளிகள் வந்து துணைநின்றாலும், ஆளுமையோடு வளரும் கரேன் பாத்திரம் ஒன்றேனும் இல்லை. நற்செய்தி மேற்கிலிருந்து அன்றுதான் முதன்முறை படகேறி வந்ததுபோன்ற தோற்றம் உண்டாகிறது. வரலாறு வேறு. அதோனிராம் ஜட்சன் 1813இல் சென்னைக் கரையிலிருந்து கப்பலேறியே இரங்கூன் சென்றார். கரேன் மக்களுள் முதலாவதாகத் திருமுழுக்குப் பெற்ற கோ தா பியூ 1828இல் சபையில் சேர்ந்தார். இன்று இன்செயினில் உள்ள கரேன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி 1845இல் தொடங்கப்பெற்றது; நம் நாட்டு இறையியல் கல்லூரிகள் பலவற்றினும் மூத்தது. கரேன் மக்களுள் பெரும்பாலோர் பௌத்தர் என்பதையும், அவர்களுடைய ஆயுதப் போராட்டம் 1949 முதல் நடந்துவருவதையும் படத்தைக் கொண்டு அறியவியலாது. வன்முறையைப் பற்றி அமெரிக்கர் இருவர் வாதிடுகின்றனர். அவ்வினாவோடு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

இன்னுமொரு செய்தி. கோ தா பியூ மனந்திரும்புமுன் கொள்ளைக்காரராகவும் பல கொலைகளுக்கு உடந்தையாகவும் இருந்தவர். கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த அவரை ஜட்சன் பணங்கொடுத்து மீட்டார். கொலைக்கறையைக் கடவுள் அகற்றமாட்டார் என நினைக்கும் ஒருவனை மையமாக்கிய படம், அத்தகைய ஒருவரால் பரவிய சபையின் மண்ணிலேயே நடக்கிறது. ஸ்டாலோன் இதனை அறிந்திருந்தால் வேறு படம் எடுத்திருப்பாரோ என்னவோ.

2021 பிப்ரவரி முதல்நாள் மியான்மரில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், கிறிஸ்தவ இளைஞர் உட்பட எண்ணற்றோர் ஆயுதமேந்தினர். அதே ஆண்டு செப்டம்பரில், சின் மாநிலத்துத் தந்த்லாங் ஊரில், குண்டுவீச்சால் தீப்பற்றிய வீட்டை அணைக்கச் சென்ற பாப்டிஸ்ட் போதகர் சுங் பியாக் ஹும் சுட்டுக் கொல்லப்பட்டார். கல்லெடுத்தவர், கூலிப்படை அமர்த்தியவர், தண்ணீர் கொண்டு சென்றவர் ஆகிய மூவரையும் ஒருசேர வைத்து, ஊழியர் நெறிமுறை வகுப்பில் மாணவரோடு உரையாடிப் பார்க்கலாம். விடை ஒன்றாயிராது.

முடிவில் மைக்கேல் உயிரோடிருப்பதைச் சாரா கண்டுகொள்கிறாள். மேட்டின்மேல் தனியே நிற்கும் ராம்போ அதனைத் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அடுத்த காட்சியில் அவன் அரிசோனாவில், தோள்பையுடன், தன் தந்தையின் பண்ணைக்குச் செல்லும் மண்சாலையில் நிற்கிறான். வழியோர அஞ்சற்பெட்டியில் அவன் குடும்பப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை அறிந்தவர்கள் ஒருவர் ஓடிவருவதை எதிர்பார்ப்பர். வீடு தொலைவில் இருக்கிறது. அவன் நடந்துகொண்டிருக்கிறான், யாரும் ஓடிவருமுன் படம் முடிந்துவிடுகிறது.