கண்ணகி மறுத்த நீராடல்

கண்ணகி கண்ட கனவைத் தமிழுலகம் நன்கறியும். ஆயினும், அக்கனவைக் கேட்டபின் தேவந்தி சொன்னதையும் கண்ணகி அளித்த மறுமொழியையும் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தின் ஒன்பதாம் காதையாகிய ‘கனாத்திறம் உரைத்த காதை’ அச்சிறு உரையாடலில் ஒரு பெரிய வினாவை எழுப்புகிறது: கனவை மனிதன் தன் விருப்பப்படி ஆள முயலலாமா? கனவில் தோன்றிய பெருநகராகிய மதுரையின் புறத்தே, கப்பலூரில் அமர்ந்து இக்காதையைப் படிக்கையில் இவ்வினா நம்மை விடுவதாயில்லை.

இன்று இவ்வினா புதிய உருவில் வந்துள்ளது. கனவு காணும்போதே ‘இது கனவு’ என உணரும் நிலை உண்டு. 1975-இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்னும், பின்னர் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜும், உறங்குவோர் காட்டிய கண்ணசைவுக் குறிப்புகளைக் கொண்டு அதை ஆய்வுக்கூடத்தில் நிலைநாட்டினர். அந்நிலையை வரவழைக்கப் பயிற்சிகளும் உள்ளன: கனவுகளை ஏட்டில் குறித்தல், ‘விழித்திருக்கிறேனா?’ எனப் பகலில் தன்னையே பலமுறை சோதித்தல், உறங்குமுன் ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப மனத்தில் இருத்துதல். இவையும் ஒருவகைச் சடங்குகளே. ஆனால் கனவுக்குள் விழித்துக்கொண்டவர் ஆர்வ மிகுதியால் அதை இறுகப் பற்றினால், கனவு கலைந்துபோவதும் உண்டு.

காதைக்கு வருவோம். கோவலனோடு ஒரு பெருநகர் புகுந்ததையும், அங்கே தங்கள்மேல் பொருந்தாத பழி விழுந்ததையும், அரசன் முன் தான் வழக்குரைத்ததையும், அரசனோடு ஊருக்கும் தீங்கு நேர்ந்ததையும் கண்ணகி சொல்கிறாள். முற்பிறப்பில் ஒரு நோன்பு தவறியதே துயருக்குக் காரணம் என்கிறாள் தேவந்தி. காவிரி கடலோடு கலக்குமிடத்திலுள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவரோடு இன்புறலாம் என்றும், நாமும் ஒருநாள் சென்று நீராடுவோம் என்றும் அழைக்கிறாள். அது பெருமை தராது எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள்.

கண்ணகியை உயர்த்துவதற்காகத் தேவந்தியைப் பேதையாக்குவது நேர்மையான திறனாய்வு ஆகாது. அவளும் கணவனைப் பிரிந்தவளே. தீர்த்தமாடப் போனவனை மீட்டுத் தருக எனக் கோயிலில் நாள்தோறும் வழிபட்டுக் காலங்கழிப்பவள். தன்னைத் தாங்கும் ஊன்றுகோலையே தோழிக்கும் நீட்டுகிறாள். அவள் வழிபாட்டில் குறையில்லை. வழிபாட்டுக்கு ஈடாக வரவேண்டிய பயனை முன்னரே வரையறுத்ததில்தான் குறை இருக்கிறது. கண்ணகி மறுப்பது தெய்வத்தையன்று, அந்த உடன்படிக்கையை. இளங்கோவடிகளின் நுட்பம் இதன்பின் விளங்குகிறது. மறுத்த அக்கணமே கோவலன் வாயிலில் வந்து நிற்கிறான். கேளாமலே கணவன் கிடைத்தான். ஆனால் அந்த வரவே இருவரையும் மதுரைக்கு இட்டுச் செல்கிறது. மறுப்புக்கும் அடிகள் பரிசு வழங்கவில்லை.

இவ்விடத்தில் நம் திருச்சபை மரபின் ஏடொன்று துணைக்கு வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினார், எவோதியுசுக்கு எழுதிய மடலில் ஜென்னாதியுஸ் என்னும் மருத்துவரின் கனவைக் கூறுகிறார். மறுமை உண்டோ என ஐயுற்றிருந்த அவருக்கு இளைஞன் ஒருவன் இரண்டாம் முறையாகக் கனவில் தோன்றி, ‘இப்போது காண்பதும் உறக்கத்தில்தான் என அறிவாயா?’ என வினவுகிறான். அறிவேன் என்கிறார் மருத்துவர். உன் உடல் எங்கே என்ற கேள்விக்குப் படுக்கையறையில் என்கிறார். அங்கே கண்கள் மூடியிருக்க, இங்கே எந்தக் கண்களால் என்னைக் காண்கிறாய் என்றதும் விடையின்றி நிற்கிறார். உடலின் கண்கள் ஓய்ந்தபின்னும் காணும் வாழ்வு உண்டு என்று அவர் ஐயம் அங்கே தீர்க்கப்படுகிறது.

இக்கனவை வரவழைக்க அவர் எப்பயிற்சியும் செய்ததாக மடல் கூறவில்லை. ஆனால் அவர் ஏழைகள்பால் மிகுந்த இரக்கமுடையவர் என்பதை அகுஸ்தினார் குறிப்பிடத் தவறவில்லை. அந்த இரக்க வாழ்வே அவருடைய ஆயத்தம். கனவோ கொடையாக வந்தது.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் புனித சூசையும் கனவில் அறிவுரை பெற்றவரே. மத்தேயு நற்செய்தியில் அவர் எக்கனவையும் கேட்டுப் பெறவில்லை. பெற்றபின் எழுந்து சொன்னபடி செய்கிறார். கனவுகளை நம்பி ஏமாறுவோரைச் சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. எனினும் உன்னதர் அனுப்பும் கனவுக்கு அது இடம் விட்டுவைக்கிறது.

ஆகவே சடங்கை எறிந்துவிடுவதும் தீர்வன்று, அதைக் கொண்டு விலை பேசுவதும் தீர்வன்று. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்துவரும் தொழிலாளி, பகல் வெளிச்சத்தில் சிலுவை அடையாளம் வரைந்து கண்ணயர்கிறார். இன்ன கனவு வேண்டுமென அவர் கேட்பதில்லை. தம்மை ஒப்படைத்துவிட்டு உறங்குகிறார். சடங்கின் வேலை உறங்குபவரை ஆயத்தப்படுத்துவது; அதற்குமேல் வருவதை வருபவரிடமே விட்டுவிட வேண்டும். தேவந்தியின் பற்றும் கண்ணகியின் மறுப்பும் ஒருசேர வாய்த்த உள்ளத்தோடு, இன்றிரவு நம் உறங்குமுன் செபத்தைச் சொல்லிப் பார்ப்போம்.