மஞ்சள் பலகையின் அடிவரி

ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்: கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர். உதகமண்டலத்தில் அது 2200-ஐத் தாண்டும். எனக்கு ஊர்ப்பெயரைவிட அந்த எண்மீதுதான் கண் போகும்.

எந்தக் கடல், எந்த மட்டம்? ஓதம் ஏறும், வற்றும். இந்திய நில அளவைத் துறை சென்னை, நாகப்பட்டினம், கொச்சி உட்பட ஒன்பது துறைமுகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓதத்தை அளந்து சராசரி எடுத்தது. ஒன்பதும் ஒரே மட்டம் என்று வைத்துக்கொண்டு, 1909-இல் முடிந்த கணக்கில் அதையே சுழியமாக்கியது. நுணுகிப் பார்த்தால் அவை ஒரே மட்டமில்லை. ஆனாலும் எங்காவது முளை அடித்தால்தானே கயிறு கட்ட முடியும்? பழைய பாலச்சுவரில் 'பி.எம்.' என்று செதுக்கிய கல், அந்தச் சுழியத்தை உள்நாட்டுக்குச் சுமந்துபோனவர்கள் விட்ட தடம்.

செயற்கைக்கோள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. பூமியை வழவழப்பான, துருவங்களில் சற்றே தட்டையான கோளமாகக் கொண்டு, உயரத்தை அதிலிருந்தே அளக்கிறது. நம் பக்கம் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. கடற்பரப்பே அந்தக் கோளத்துக்குக் கீழே தாழ்ந்து கிடக்கிறது. திருத்தம் சேர்க்காத ஜிபிஎஸ் கருவியோடு மெரினா மணலில் நின்றால், கால்கூட நனையாமல் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும்.