ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

பெரிய எண்களில் ரசிகர்கள் அதிகம் பகா எண்களுக்குத்தான். எதற்கும் பிடிகொடுக்காத அவற்றின் பிடிவாதம் அப்படி. என் மனம் போவது நேர் எதிர்த் திசையில் இருக்கும் ஓர் எண்ணிடம்: 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. இதன் வகுத்திகள் மொத்தம் 10,080. இதைவிடச் சிறிய எண் எதற்கும் இத்தனை வகுத்திகள் இல்லை.

இத்தகைய உயர் பகு எண்களில் நமக்குப் பழக்கமானது 12. அதற்கு ஆறு வகுத்திகள். 18க்கும் ஆறுதான், ஆனால் 12 முந்திக்கொள்கிறது. 12 என்பது 2² × 3. 18 என்பது 2 × 3². சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால், அதே அளவு வகுத்திகள் சிறிய எண்ணிலேயே கிடைத்துவிடும். இந்தச் சிக்கனத்தின் விதிகளைத்தான் ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் விரித்து எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்ததும் இந்த ஆய்வே.

நம் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. வரிசையில் ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. அடுக்குகள் எங்கும் ஏறவில்லை. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10,080.

கடைசியில் நிற்கும் 23 என்ன செய்கிறது? எண்ணை 23 மடங்காக்கி, வகுத்திகளை இரட்டிப்பாக்குகிறது. அதே வேலையை 2ஐ மட்டும் கொண்டு செய்ய, அடுக்கு 6இலிருந்து 13 ஆக வேண்டும்; எண் 128 மடங்கு பெருத்துவிடும். 5ஐக் கொண்டு செய்தால் 125 மடங்கு, 3 என்றால் 243 மடங்கு. எந்தப் பகா எண்ணை எவ்வளவு சேர்ப்பது என்ற இந்தக் கணக்கு துளியும் பிசகாமல் அமைந்திருப்பதுதான் இந்த எண்ணின் அழகு.

ராமானுஜன் தந்த 102 எண்களின் பட்டியல் இதோடு முடிகிறது. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு அது. அதில் விடுபட்டது ஒரே ஓர் எண்: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. நம் எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுவே. அதற்கு 5,040 வகுத்திகள். இந்த ஒரு விடுபடலால் அந்தப் பட்டியலின் மதிப்பு குறையவில்லை.

இதை ரசிக்கப் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். 2520ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 48 வகுத்திகள். அதற்குக் கீழே 48 வகுத்திகள் கொண்ட எண் ஏன் இல்லை என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ராமானுஜன் கண்ட விதி உங்கள் கைக்கே பிடிபடும்.