பேராயர் நியூபிகினின் ஒன்றிப்பு நூல்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், 1908 முதலே தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்திருந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபையார் அதில் ஒன்றுபட்டனர். மறு ஆண்டில் அவ்விணைப்புக்கு அரணாக வெளிவந்தது, லெஸ்லி நியூபிகினின் ‘தி ரீயூனியன் ஆஃப் தி சர்ச்’. ஸ்காத்லாந்து பிரஸ்பிட்டேரியரான இவர் தம் 37ஆம் வயதில் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார் (நாம் ஆயர் என்பவரை அவர்கள் பேராயர் என்பர்). நெய்க்காரப்பட்டியிலிருந்து வாசிக்கும் நமக்கு இது அயலார் நூலன்று.

ஆயரின் கைவைப்புப் பெறாத ஊழியரை மறுபடி திருநிலைப்படுத்தாமலே ஏற்கலாமா என்பதே வழக்கு. இனி வருவோர் அனைவரையும் ஆயரே திருநிலைப்படுத்துவார். முன்பே பணியிலிருப்போர் அவ்வாறே தொடர்வர் என முடிவாயிற்று. ஆங்கிலிக்கருள் தொன்மரபை வலியுறுத்தியோர் கொதித்தெழுந்தனர். நியூபிகின் அவர்களுக்கு விடையிறுக்கிறார்: பாவியான மனிதன் இறை இரக்கத்தாலேயே ஏற்புடையவனாவதுபோலப் பிளவுண்ட திருச்சபையும் இரக்கத்தாலேயே வாழ்கிறது, இறைவன் அருள்பொழிந்த பணியை வெறுமை எனத் தள்ளலாகாது.

வாதம் வலியது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், பிரிந்த சபைகளைத் தூய ஆவியார் மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்துகிறார் என்று ஏற்றது. ஆயினும் அருள் தாராளமாகப் பாய்வதனால், திருத்தூதர் வழிமரபு நம் விருப்பத்திற்கு விடப்பட்ட ஒன்றாகிவிடுமா? அருளுக்கு ஆயர்நிலை தேவையில்லையெனில் அதனை மீட்டெடுக்க இத்தனை ஆண்டுப் பேச்சு எதற்கு? இவ்விடத்தில் நூல் தளர்கிறது என்றே கருதுகிறோம்.

மற்றொரு குறையும் உண்டு. நூல் பெரிதும் இங்கிலாந்துத் திறனாய்வாளரை நோக்கியே பேசுகிறது. ஒன்றிப்புக் குரலோ 1919இல் தரங்கம்பாடியில் அசரியாவும் தோழரும் எழுப்பியது. அங்குக் கூடிய 33 பேருள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். திருநெல்வேலியில் பிறந்தவர் ஆங்கிலிக்கர், மதுரைச் சீமையில் பிறந்தவர் காங்கிரிகேஷனல், தரங்கம்பாடியில் பிறந்தவர் லுத்தரன் என மறைபரப்பு அமைப்புகளின் எல்லைக்கோடே பெரும்பாலும் முடிவு செய்தது. பழநிப் பக்கத்து உழவர் எவரும் ஐரோப்பியச் சண்டையை ஆய்ந்து கட்சி சேர்ந்தாரல்லர். இரவல் பிளவைத் திருப்பிக் கொடுத்தது பெருஞ்செயலே. நம் சொந்தப் பிளவான சாதி அப்படியே கிடக்கிறது, நம் பங்குகளிலுந்தான்.

லுத்தரன் சபையார் அவ்விணைப்பில் சேரவில்லை. எனினும் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபையாரும் கூடிப் பயிற்றுவிக்கின்றனர். நமக்கும் அவர்களுக்குமிடையே திருமணப் பேச்சு எழும்போது அவர்தம் திருமுழுக்கை நாம் ஏற்கிறோம். அவர்தம் நற்கருணையில் பங்கேற்பதில்லை. ஏன் என்று கேட்கும் இளையோர்க்கு ‘கூடாது’ என்பதோடு நிறுத்திவிடும் பங்குகளில், மறுக்க வேண்டிய பக்கங்களோடும் இந்நூலை வைத்து உரையாடலாம்.