இரண்டு சரத்காலங்கள்: சீன, ஆயுர்வேத மருத்துவ நூல்களிற் பருவ ஒழுக்கம்

நோய்க்கு மருந்து கூறுவதே மருத்துவ நூலின் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும், ஆசியாவின் பண்டைய மருத்துவ நூல்கள் மருந்துக்கு முன்னர் வாழ்க்கை முறையைப் பற்றியே பேசுகின்றன. எப்பருவத்தில் எதனை உண்பது, எப்பொழுது துயில்வது, எதனை விலக்குவது என்பன அவற்றில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அண்மைக் காலத்தில் மேலை நாடுகளிற் பெருகியுள்ள உடல்நல நூல்கள் இப்பகுதிகளையே பெரிதும் எடுத்தாள்கின்றன. இலையுதிர்காலம் வறட்சியின் காலம். ஆதலின் உடலை நெய்ப்பாகவும் வெப்பமாகவும் பேணுக என்பது அவற்றின் பொதுவான அறிவுரை. சீன மருத்துவமும் ஆயுர்வேதமும் இதனை ஒரே குரலிற் கூறுகின்றன என்றும் அவை சாதிக்கின்றன. மூல நூல்கள் இக்கூற்றுக்கு இடந்தருகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

சீன மரபின் அடிப்படை நூல் 'ஹுவாங்டி நெய்ஜிங்' ஆகும். மஞ்சட் பேரரசனுக்கும் சீ போ என்னும் மருத்துவ அறிஞனுக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த இந்நூல், பெரும்பாலும் ஹான் பேரரசுக் காலத்தில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் கருத்து. அதன் முதற்பகுதியாகிய 'சூவென்'னின் இரண்டாம் அத்தியாயம் நான்கு பருவங்களுக்குமுரிய ஒழுக்கத்தை வகுக்கின்றது. இலையுதிர்காலத்தின் மூன்று மாதங்களிலும் முன்னிரவிலேயே துயிலச் செல்லவேண்டும், கோழியோடு விழித்தெழவேண்டும், மனத்தை அமைதியாக வைத்து, புறத்தே அலையவிடாது உள்ளே ஒடுக்கவேண்டும். இவ்வாறு ஒழுகின் நுரையீரலின் உயிர்ப்பாற்றல் தெளிவுறும். தவறின் நுரையீரல் பழுதுற்று, குளிர்காலத்தில் வயிற்றோட்டம் உண்டாகும். ஐம்பூதக் கோட்பாட்டிற் சீனர் மரம், தீ, மண், உலோகம், நீர் என ஐந்தினைக் கொள்வர். இவற்றுள் உலோகமே இலையுதிர்காலத்துக்குரியது. வெண்மை நிறமும் மேற்குத் திசையும் துயர உணர்வும் அதனைச் சார்ந்தவை.

இவ்விடத்தில் அவதானிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மனத்தை அமைதியாக வைத்திருப்பதன் பயன், இலையுதிர்காலத்தின் தண்டனையைத் தணிப்பதாகும் என நூல் கூறுகின்றது. தண்டனை என்னும் இச்சொல் தற்செயலாக வந்ததன்று. இளவேனில் உயிர்ப்பிக்கும் காலம், ஆதலின் அப்போது அரசன் கொல்லுதல் ஆகாது. இலையுதிர்காலமும் குளிர்காலமும் மரண தண்டனைகளை நிறைவேற்றுதற்குரியன என்பது ஹான் காலத்து அரசியற் கொள்கை. அரசின் ஒழுங்கும் உடலின் ஒழுங்கும் ஒரே படிமத்தில் வைத்து எண்ணப்பட்டன. ஆதலின் 'சூவென்' வகுக்கும் பருவ ஒழுக்கம், வேளாண்மையை அடித்தளமாகவும் பேரரசை முடியாகவும் கொண்ட ஒரு சமுதாயத்தின் உலகநோக்கு ஆகும்.

ஆயுர்வேத மரபிற் பருவ ஒழுக்கம் இருதுசரியை எனப்படும். 'சரகசங்கிதை'யின் சூத்திரத்தானத்து ஆறாம் அத்தியாயம் இதனைக் கூறுகின்றது. இங்கு ஆண்டு ஆறு பருவங்களாகப் பகுக்கப்படுகின்றது. மழைக்காலத்தை அடுத்து வருவது சரத்காலம். மேகம் அகன்றபின் கடுமையாக எறிக்கும் வெயிலே இப்பருவத்தின் முதன்மைப் பண்பு. மழையின் குளிர்ச்சிக்குப் பழகிப்போன உடலை அவ்வெயில் திடீரெனத் தாக்க, மழைக்காலத்திற் சேர்ந்திருந்த பித்தம் சீற்றமடைகின்றது. எனவே இனிப்பும் சிறு கைப்பும் உடைய, குளிர்ந்த, எளிதிற் செரிக்கும் உணவு விதிக்கப்படுகின்றது. கைப்புச் சரக்குகள் சேர்த்துக் காய்ச்சிய நெய், பேதி, குருதி வாங்கல் என்பன பரிகாரங்கள். பகலில் ஞாயிற்றினாற் காய்ந்து, இரவில் திங்களாற் குளிர்ந்து, அகத்திய விண்மீனின் தோற்றத்தால் நஞ்சு நீங்கிய நீர் 'ஹம்சோதகம்' எனப் போற்றப்படுகின்றது. வெயில், கொழுப்பு, எண்ணெய், தயிர், பகலுறக்கம் என்பன விலக்கப்படுகின்றன.

இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது உண்மை புலனாகின்றது. ஒன்று குளிரை நோக்கிச் செல்லும் காலத்தைப் பேசுகின்றது. மற்றையது வெப்பம் மீண்டும் தோன்றும் காலத்தைப் பேசுகின்றது. ஒன்று நுரையீரலுக்கு அஞ்சுகின்றது. மற்றையது பித்தத்துக்கு அஞ்சுகின்றது. ஆண்டின் ஏறத்தாழ ஒரே பகுதியைக் குறிப்பினும் அவை இரண்டு வேறு பருவங்கள். இதனைக் கவனியாது, மேலைநாட்டு நூல்கள் இலையுதிர்காலத்தை வாதகாலம் என்று பெயரிட்டு, நல்லெண்ணெய் தேய்த்துக் கொழுப்புள்ள உணவை உண்ணுமாறு ஆயுர்வேதத்தின் பெயரால் அறிவுறுத்துகின்றன. சரகரின் கணக்கில் வாதம் கோடையிற் சேர்ந்து மழைக்காலத்தில் மிகுவது. எண்ணெயோ அவர் சரத்காலத்துக்கு விலக்கிய பொருள்களுள் ஒன்று.

இவ்வாறாயின் அந்நூல்கள் கூறுவன முற்றும் பொய்யோ எனின், அவ்வாறு கூறுதலும் பொருந்தாது. வறட்சி, குளிர்ச்சி, இலேசு, அசைவு என்பன வாதத்தின் குணங்கள். ஐரோப்பாவினதும் வட அமெரிக்காவினதும் இலையுதிர்காலக் காற்று இக்குணங்களை உடையது. சரகரின் தருக்க முறையைக் கொண்டே அந்நிலங்களுக்குப் புதியதொரு விதியை வகுத்தல் தகும். பருவம் நிலத்தோடு மாறும் என்பதை ஆயுர்வேத மரபும் அறிந்திருந்தது. கங்கைக்குத் தெற்கே மழை மிகுதி, வடக்கே குளிர் மிகுதி. ஆதலின் பருவப் பகுப்பும் வேறுபடும் என்னும் கருத்து காசியபர் பெயரால் அம்மரபில் வழங்குகின்றது. எனவே மாற்றம் குற்றமன்று. மாற்றியதை மறைத்து, ஐயாயிரம் ஆண்டுப் பழமையான உண்மை என முத்திரை குத்துவதே குற்றம்.

இதற்கு மாறான நேர்மையைச் சீன மருத்துவ வரலாற்றிற் காணலாம். இலையுதிர்காலம் வறட்சிக்குரியது என்பது இன்று சீன மருத்துவத்தின் மாறாத கொள்கை போலத் தோன்றுகின்றது. ஆனால் 'சூவென்', இலையுதிர்காலத்தில் ஈரத்தினால் தாக்குண்டவனுக்குக் குளிர்காலத்தில் இருமல் வரும் என்றே கூறுகின்றது. நோய்த்தோற்றம் பற்றி அந்நூல் தரும் பத்தொன்பது விதிகளிலும் வறட்சிக்கு இடமில்லை. 12ஆம் நூற்றாண்டில் லியூ வான்சூ அக்குறையை நிரப்ப முயன்றார். 1658இல் யூ சாங் என்னும் மருத்துவர், மூலபாடத்தில் 'ஈரம்' என்றிருப்பது பிழை, 'வறட்சி' என்றே இருத்தல் வேண்டும் என வெளிப்படையாக வாதிட்டார். முசுக்கட்டை இலை, அப்பிரிக்கொட்டு விதை முதலியன சேர்ந்த, நுரையீரலின் வறட்சி தீர்க்கும் மருந்தொன்றையும் அவர் வகுத்தார். அவருடைய பாடத்திருத்தம் சரியா என்பது வேறு வினா. மிகவுயர்ந்த மூலநூலையும் தம் அனுபவத்தின் முன் நிறுத்தி வினவிய துணிவே இங்கு முக்கியமானது. மரபு வளர்ந்தது இத்தகைய வினாக்களினாலேயே ஆகும்.

இரு மூலநூல்களின் வரையறைகளையும் மறத்தலாகாது. சரகர் கூறும் நெய்யும், இறைச்சி வகையும், பூமாலையும், மாலைநேர நிலவொளியும் செல்வர் இல்லத்துக்குரியன. சரத்கால வெயிலைத் தவிர்க்குமாறு கூறும் விதியை, அதே வெயிலில் வயலில் நின்ற உழவன் எவ்வாறு கைக்கொண்டிருப்பான்? மேலும், சரத்தை வைத்தியரின் தாய் எனக் கூறும் வடமொழி வழக்கு, மழை ஓய்ந்தபின் நோய் பெருகுதலை முன்னோர் கண்டறிந்தமைக்குச் சான்று. அவதானிப்பு சரியானது, காரணம் பித்தம் என்பதோடு இன்று அமைதல் இயலாது. மழைக்குப்பின் தேங்கும் நீரிற் பெருகும் நுளம்புகளே டெங்கு, மலேரியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்புகின்றன. அக்காய்ச்சலுக்கு வேண்டியது குருதிப் பரிசோதனையும் காலந்தாழ்த்தாத சிகிச்சையும் ஆகும். குருதி வாங்கலும் பேதியும் அங்கே உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

தமிழ் வாசகருக்கு இப்பிரச்சினை சொல்லிலேயே தொடங்குகின்றது. 'இலையுதிர்காலம்' நம் நிலத்தின் பருவப்பெயர் அன்று. தமிழிலக்கண மரபு ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கூதிர் என வழங்கிற்று. இலங்கையின் வட கீழ் மாகாணங்களில் அம்மாதங்கள் மழைக்குரியன. அங்கே சீனத்தின் வறண்ட காற்றுமில்லை, சரகர் கண்ட மேகமற்ற வானுமில்லை. ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லை நம்பி அப்பருவங்களின் விதிகளை இங்கே பின்பற்றுவோர், வேற்று நாட்டு வானத்தின் கீழ் வாழ முயல்வோராவர்.

நோய் வந்தபின் மருந்து தேடுதல், தாகம் எடுத்தபின் கிணறு தோண்டுதல் போன்றது என்னும் கருத்தும் 'சூவென்'னின் அதே அத்தியாயத்திலேயே இடம்பெறுகின்றது. முன்கூட்டிக் காத்தல் என்னும் அக்கொள்கை இன்றும் ஏற்புடையது. ஆனால் கிணறு தோண்டுபவன் தான் நிற்கும் நிலத்தின் நீரோட்டத்தையே முதலில் அறிதல் வேண்டும். அவ்வந்நூலாசிரியர் தத்தம் வானத்தையும் நிலத்தையும் கூர்ந்து நோக்கிய முறையே அந்நூல்களின் நிலையான செல்வம். அம்முறையைக் கைவிட்டு முடிவுகளை மட்டும் விலைக்கு வாங்குதல் மரபைப் பேணுதல் ஆகாது.